அப்பாருவின் வசியத் தாயத்து யாருக்குச் சேரும்?

கேள்வி: ஜூன் 9, காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்

எங்கள் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, வைத்திருந்த வெள்ளித் தாயத்து ஒன்று வீட்டில் இருக்கிறது. அதை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் எதைச் சொன்னாலும் எதிரில் நிற்பவர் தட்டமாட்டார் என்பது ஊரறிந்த பேச்சு. பாகப் பிரிவினையில் தோட்டம், கிணறு, மாடு எல்லாம் பேசி முடித்தாயிற்று. பெரியப்பாவும் அப்பாவும் இந்தத் தாயத்தில் வந்து நின்றுவிட்டார்கள். மூத்தவனுக்குத்தான் சேரும் என்கிறார் பெரியப்பா. கடைசிக் காலத்தில் பார்த்துக்கொண்டவனுக்கு என்கிறார் அப்பா. அடுத்தவரை நம் சொல்லுக்குக் கட்டிப்போடும் பொருள் என்று ஒன்று உண்மையில் உண்டா? பிரித்துப் பார்க்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஜூன் 9, இரவு

சக்தி கிடையாது. தாராளமாகப் பிரித்துப் பாருங்கள், ஒன்றும் ஆகாது. உள்ளே செப்புத் தகடு ஒன்று சுருட்டி இருக்கும், அதில் கட்டம் போட்டு எழுத்து இருக்கும், வாயை அரக்கு வைத்து அடைத்திருப்பார்கள். என் அப்புச்சியிடமும், அதாவது அம்மாவின் அப்பாவிடமும், இதே மாதிரி ஒன்று இருந்தது. அதைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூன் 10, காலை

முதலில் பொருளைப் பற்றி. தகடு பெரும்பாலும் செம்பு, வசதி இருந்தால் வெள்ளி. கூரான ஊசியால் கட்டம் கீறி எழுத்தை அடைப்பார்கள். சந்தனம், மஞ்சள் தடவிப் பூசையில் வைத்து, இத்தனை ஆயிரம் உரு என்று மந்திரம் சொல்லி, பிறகு சுருட்டிக் கூட்டுக்குள் போடுவார்கள். சிலர் ஒரு துண்டு வேரையும் சேர்த்து வைப்பார்கள்.

அப்புச்சி 2009இல் போன பிறகு அவருடையதை நான்தான் பிரித்தேன். ஐந்துக்கு ஐந்து, 25 கட்டம். மேல் வரிசை ந ம சி வ ய. அடுத்தது சி வ ய ந ம. அதற்கடுத்தது ய ந ம சி வ. அப்புறம் ம சி வ ய ந. கடைசியில் வ ய ந ம சி. குறுக்கே படித்தாலும் நெடுக்கே படித்தாலும் ஐந்து எழுத்தும் வரும், எதுவும் இரண்டு தரம் வராது. ஐந்தெழுத்தை இப்படிச் சக்கரத்தில் அடைப்பது பழைய முறை, திருமந்திரத்தின் நான்காம் தந்திரத்திலேயே திருவம்பலச் சக்கரம் என்று ஒரு பகுதி இருக்கிறது. அது வழிபாட்டுக்கு. இங்கே ஓரத்தில் பொடி எழுத்தில் வசி வசி என்று சேர்த்திருந்தார்கள். சிவசிவ சிவசிவ என்று நிறுத்தாமல் சொல்லிப் பாருங்கள், நடுவில் வசிவசி என்று கேட்கும்.

சாமி பெயரைத் திருப்பிப் போட்டு ஆளைக் கட்டப் பார்த்திருக்கிறார்களே என்று அன்றைக்குக் கோபமாக வந்தது. இப்போது அந்தக் கோபம் இல்லை. தகட்டை எழுதியவர் கை சுத்தமான கை, ஒரு கோடுகூடக் கோணவில்லை. அதை நினைத்தால் மரியாதைதான் வருகிறது.

ஜூன் 10, இரவு

இனி அப்புச்சி கதை. குமாரபாளையம் பக்கத்தில் அவருக்குத் தறிப்பட்டறை. கைத்தறியில் ஆரம்பித்து விசைத்தறிக்கு மாறியவர். எனக்கு நினைவு தெரிந்து எட்டுத் தறி ஓடியது, லுங்கியும் துண்டும். பட்டறைக்குப் பின்னால் வரிசையாக ஓட்டு வீடுகள், தறி ஓட்டுகிறவர்கள் குடும்பத்தோடு அதில் குடியிருந்தார்கள். ஆண் தறியில் நிற்பார், பெண் தார்க்குச்சியில் நூல் சுற்றுவாள், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையும் கொஞ்ச நேரம் நூல் கண்டு போடும். ராத்திரியும் தறிச் சத்தம் நிற்காது. சத்தம் நின்றால்தான் எங்களுக்கெல்லாம் விழிப்பு வரும்.

அவர் பட்டறையில் சேர்ந்த குடும்பம் வேறு பட்டறைக்குப் போனதில்லை என்பது அந்தப் பக்கம் பெரிய பேச்சு. மற்ற முதலாளிகள் ஆள் நிற்கவில்லை என்று அலைந்துகொண்டிருப்பார்கள், இவருக்கு மட்டும் அந்தக் கவலை இல்லை. காரணம் கேட்டால், "அவருகிட்டத் தாயத்து இருக்குது, போவ உடாது" என்பார்கள். சொல்கிறவர்கள் தறி ஓட்டுகிறவர்களே.

அப்புச்சி போன பிறகு தாயத்தை வைத்திருந்தது ஒரு பச்சை டிரங்குப் பெட்டியில். அதற்கு அடியில் நான்கு நீள நோட்டு. குடும்பத்துக்கு ஒரு பக்கம். மேலே முன்பணம், கீழே வாரா வாரம் பிடித்தம். நடுநடுவே பிள்ளைக்குக் காய்ச்சல் 200, ஆடிக்கு 300, தீபாவளிக்கு 1,000, தங்கச்சி சீருக்கு 1,500. பிடித்ததைவிட வாங்கியது எப்போதும் அதிகம். 1988இல் 2,000 ரூபாயில் ஆரம்பித்த ஒரு பக்கம் 1999இல் 17,400இல் நின்றது. பக்கம் தீர்ந்தால் பாக்கி அடுத்த நோட்டுக்கு ஏறும். வேறு பட்டறைக்குப் போக வேண்டுமென்றால் அந்த முதலாளி வந்து பாக்கி மொத்தத்தையும் கட்டி "ஆளை எடுத்துக்க" வேண்டும். அந்தச் சொல்லையேதான் சொல்வார்கள், மாடு கன்றுக்குச் சொல்கிற மாதிரி.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. ஆளைக் கட்டிவைக்கிற கடன் என்று ஆகிவிட்டால் அந்தக் கடனே செல்லாது, திருப்பித் தர வேண்டியதில்லை என்பதுதான் அந்தச் சட்டத்தின் உயிர். எட்டுத் தறிக்கும் பின்னால் இருந்த ஓட்டு வீடுகளில் அது யாருக்கும் போய்ச் சேரவில்லை.

அதனால் நான் சொல்வது இதுதான். தாயத்து வெறும் தகடு. ஆளைக் கட்டியது அடியில் இருந்த நோட்டு. உங்கள் அப்பாரு பெட்டியில் தாயத்தோடு வேறென்ன இருந்தது என்று பாருங்கள். புரோநோட்டு, வெறும் தாளில் கைநாட்டு, அடமானப் பத்திரம், எது இருந்தாலும் அதைத்தான் முதலில் பேசித் தீர்க்க வேண்டும்.

ஜூன் 13

வசியத்துக்கு மேல் என்னென்ன உண்டு என்று பவானிக்காரர் ஒருவர் கேட்டிருந்தார். எட்டு என்று கணக்கு, அட்டகர்மம் என்பார்கள். வசியம், மோகனம், தம்பனம், ஆகருஷணம், வித்துவேஷணம், உச்சாடனம், பேதனம், மாரணம். இணங்க வைப்பது, மயக்குவது, அசையாமல் நிறுத்துவது, வரவழைப்பது, பகை மூட்டுவது, விரட்டுவது, பிரிப்பது, கடைசியில் கொல்வது. வசியத்திலேயே ராஜ வசியம், புருஷ வசியம், ஸ்திரீ வசியம், மிருக வசியம் என்று உட்பிரிவுகள் வேறு.

பட்டியலை எழுதிவிட்டதால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. வசிய மூலிகை என்று சொல்கிறவற்றில் ஊமத்தையும் குன்றிமணியும் வருகின்றன. இரண்டும் விஷம். ஊமத்தையில் அட்ரோபினும் ஸ்கோபலமைனும் இருக்கின்றன. உள்ளே போனால் வாய் உலரும், கண்மணி விரியும், நெஞ்சு படபடக்கும், ஆள் தன்னை மறந்து உளறுவார். அதைப் பார்த்துவிட்டுத்தான் "மயங்கிட்டான், சொன்னதையெல்லாம் கேட்கிறான்" என்பார்கள். அது மூளையில் விஷம் ஏறியதன் அடையாளம், அளவு கொஞ்சம் கூடினால் உயிரே போகும். குன்றிமணியைக் கடித்து விழுங்கினாலும் அப்படித்தான். யாராவது வசியப்பொடி என்று கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள். வீட்டில் யாருக்காவது உள்ளே போய்விட்டது என்று சந்தேகம் வந்தால் மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு ஓடாமல் நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மிச்சமிருக்கும் பொடியையும் கையில் எடுத்துப் போங்கள்.

ஜூன் 14

மிருக வசியம் பற்றி இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது எங்கள் அப்பா மட்டும்தான். சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் பிடித்து வந்த காங்கேயம் காளை ஒன்று, மயிலை நிறம், வீட்டுக்கு வந்த முதல் வாரம் யாரையும் கிட்டே விடவில்லை. அப்பா மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுக்கவே இல்லை. ராத்திரி அது படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டார், தினமும் பருத்திக்கொட்டை ஆட்டி அவர் கையாலேயே வைத்தார். ஒரு மாதத்தில் குரலுக்கு நின்றது. அப்பா ஊருக்குப் போயிருந்த நாளில் அது தண்ணீர் குடிக்காமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். இதை வசியம் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஜூன் 19

ஜூன் 10 இரவில் எழுதியதைத் திருத்த வேண்டும்.

அதைப் படித்துவிட்டு ஒருவர் தனியாக எழுதியிருக்கிறார். பள்ளிபாளையம் பக்கம் ஒரு பட்டறையில் அவர் அம்மா இருபது வருடம் தார் சுற்றியவர். அவர் எழுதியதன் சாரம்: நோட்டுத்தான் கட்டியது என்று நீங்கள் சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள், எங்கள் மாமா திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய் மிச்சம் பிடித்துப் பாக்கி முழுவதையும் அனுப்பிவிட்டார், பணம் டப்பாவில் இருந்தது, அதற்குப் பிறகும் அம்மா இரண்டு வருடம் அந்தப் பட்டறையை விட்டு வெளியே வரவில்லை.

காரணம் அந்த முதலாளி கையில் கட்டியிருந்த தாயத்து. போகிறோம் என்று பேச்சு எடுத்தாலே அவர் அதைத் தொட்டுக்கொண்டு, "போறதுன்னா போ, கொழந்தைகளப் பாத்துக்க" என்பாராம். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. முன்பு ஒரு குடும்பம் ராத்திரியோடு ராத்திரியாகப் போனதும், போன இடத்தில் அவர்கள் பிள்ளை காய்ச்சலில் இறந்ததும் வரிசை வீடு முழுக்கத் தெரியும். அந்தப் பிள்ளையை எந்த டாக்டரிடமாவது காட்டினார்களா, காட்டப் பணம் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

வெறும் தகடு என்று நான் எழுதியது தவறு. நோட்டு பகலில் கட்டியது என்றால் தகடு ராத்திரியில் கட்டியிருக்கிறது. கடனை அடைக்கலாம், கணக்கை வக்கீலிடம் காட்டலாம், ஆனால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயத்தை எந்த ஆபீசில் போய்க் கொடுப்பது? படித்ததிலிருந்து எனக்கு அப்புச்சியின் கைதான் கண்ணில் நிற்கிறது. தறிக்காரர் யாராவது வாசலில் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றால் அவர் கை தானாக இடுப்புக்குப் போகும். வேட்டியைச் சரி செய்கிறார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஜூன் 20

அந்த அம்மா பிறகு எப்படி வெளியே வந்தார் என்று பலர் கேட்டீர்கள். மகனிடம் கேட்டேன். பெரிய மந்திரவாதி யாரும் வரவில்லை. பண்ணாரி அம்மன் கோயில் குண்டத்தில் தீ மிதிக்கப் போனாராம், பங்குனியில், ராத்திரி முழுக்க வரிசையில் நின்று மறுநாள் காலையில் இறங்கினார். ஏறி வந்து திருநீற்றைப் பூசிக்கொண்டு, "ஆத்தா நெருப்பே என்னய ஒண்ணும் பண்ணல, அந்தாளு தாயத்து என்ன பண்ணும்" என்று சொன்னாராம். அந்த வாரமே பாக்கியைக் கட்டிவிட்டுக் கிளம்பியிருக்கிறார்கள். நான் சாமி விஷயத்தில் அவ்வளவு பற்று உள்ளவன் இல்லை. ஆனாலும் இதைத் தட்டச்சு செய்யும்போது கண் கலங்கியது.

ஜூலை 2

அம்மாவிடம் போனில் பேசினேன். இந்தக் கேள்வி பதில் இழையைப் பற்றிச் சொன்னேன். முதலில், "எங்கப்பாவப் பத்தி ஊருக்கெல்லாம் எழுதறியா" என்று கோபித்துக்கொண்டார். அப்புறம் அவரே ஒன்றைச் சொன்னார், எனக்கு இதுவரை தெரியாதது.

1991இல் அப்புச்சியின் தங்கை இறந்துவிட்டார். தாயத்தோடு எழவு வீட்டுக்குள் போனால் அதன் சக்தி போய்விடும் என்பது நம்பிக்கை. மற்றவர்கள் அவிழ்த்து வைத்துவிட்டுப் போவார்கள், திரும்பி வந்து குளித்துவிட்டுக் கட்டிக்கொள்வார்கள். இவருக்கு அவிழ்க்கப் பயம். அவிழ்த்த நேரம் பார்த்துத் தறிக்காரர்கள் மூட்டை கட்டிவிடுவார்கள் என்று. நாலு தெரு தள்ளி ஒரு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, பிறந்த வீட்டுக் கோடித் துணியை வேறு ஆள் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறார். கூடப் பிறந்தவன் உயிரோடு இருக்க, அடுத்தவன் கையால் கோடி போடுவது எங்கள் பக்கத்தில் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அமத்தா, அதாவது அம்மாவின் அம்மா, அதற்குப் பிறகு ஒரு வருடம் அவருக்குச் சோறு போட்டுவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடுவாராம்.

நோட்டை எழுதியவர் அவர்தான், தாயத்தை வைத்துப் பயமுறுத்தியவரும் அவர்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்தப் பயத்தை அவரே நம்பினார் என்பதை மட்டும் இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். எட்டுத் தறிக்காரர்களைக் கட்டின கயிற்றின் இன்னொரு முனை அவரை அந்த வேப்பமரத்தில் கட்டியிருக்கிறது. கேள்வி கேட்டவர் வீட்டில் பெரியப்பாவும் அப்பாவும் சண்டை போடும் அந்தப் பொருளை யார் வாங்கினாலும், எழவு, தீட்டு, குளியல் என்று அதற்குக் கணக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

ஜூலை 11

ஒருவர் எழுதியிருக்கிறார்: என் அண்ணனுக்கு அண்ணி வசிய மருந்து வைத்துவிட்டாள், அவள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறான், மருந்து எடுக்கிறவர் விலாசம் தெரிந்தால் சொல்லுங்கள்.

விலாசம் தரமாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

1995, மாசி மாதம். அக்காவுக்கு 19 வயது, எனக்கு 11. அவள் டவுன் பஸ்ஸில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். ஒரு பையனோடு பேக்கரியில் நின்றதை யாரோ பார்த்துவிட்டு வந்து வீட்டில் சொல்லிவிட்டார்கள். வேற ஆளுங்க. அன்றைக்கு அடி விழும் என்று நான் பயந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தேன், ஆனால் சத்தமே இல்லை. அத்தை ஒருத்தி வந்தார். அக்காவின் கண்ணை விரித்துப் பார்த்தார், நகத்தை அழுத்திப் பார்த்தார், "புள்ளைக்கு மருந்து வெச்சுட்டான்" என்றார். அம்மா தரையில் உட்கார்ந்து அழுதார். அது நிம்மதியில் வந்த அழுகை என்று எனக்கு வெகு காலம் கழித்துத்தான் புரிந்தது. மருந்து என்றால் புள்ளை மேல் குற்றமில்லை அல்லவா.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை கிளம்பினோம். மருந்து எடுக்கிறவர் வீட்டு வாசலில் எங்களுக்கு முன்னால் பதினேழு பேர். எங்கள் முறை வந்ததும் அவர், "என்னத்துல வெச்சுக் குடுத்தான்" என்று கேட்டார். அக்கா வாயைத் திறக்கவில்லை. அம்மாதான், "பேக்கரியில தேங்காய் பன்னு வாங்கிக் குடுத்திருக்கானுங்க சாமி" என்றார். அக்காவைப் படுக்க வைத்துத் தொப்புளுக்கு மேல் ஒரு பித்தளைக் குழலை வைத்து உறிஞ்சினார், இருமினார், வாழை இலையில் துப்பினார். சுண்டைக்காய் அளவு கறுத்த கட்டி. குச்சியால் பிரித்தார். ஒரு முடி, அப்புறம் வெள்ளையாக நார் மாதிரி ஏதோ. "இதா பாருங்க தேங்காய்." 500 ரூபாய், ஒரு சேவல்.

தொப்புளிலிருந்து குடலுக்கு வழியே கிடையாது. தின்ற பன் சில மணி நேரத்தில் வயிற்றைத் தாண்டிவிடும், வாரக்கணக்கில் கட்டியாக உட்கார்ந்திருக்காது. குழலை வைப்பதற்கு முன்பே அந்தக் கட்டி அவர் வாயில் இருந்தது. வேறு சில இடங்களில் எதையோ குடிக்க வைத்து வாந்தி எடுக்கச் செய்வார்கள். அது இன்னும் மோசம், நீர்ச்சத்து போய் ஆள் விழுந்துவிடுவார்.

அக்கா வீட்டுக்கு வந்து சோறு தின்றாள். அடுத்த மாதம் பெண் பார்க்க வந்தார்கள். வைகாசியில் கல்யாணம். மருந்து எடுத்ததும் புள்ளை தெளிந்துவிட்டாள் என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்வார்கள். டைப்ரைட்டிங் வகுப்பு நின்றதையும் பஸ் நின்றதையும் வாசலில் யாராவது ஒருவர் எப்போதும் உட்கார்ந்திருந்ததையும் யாரும் சொல்வதில்லை.

அண்ணியைப் பற்றி எழுதியவருக்கு. உங்கள் அண்ணன் அவர் மனைவி சொல்வதைக் கேட்கிறார் என்பதுதான் நோய் என்றால், எடுக்க வேண்டியது எதுவும் அவர் வயிற்றில் இல்லை. அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். அண்ணியிடமும் பேசுங்கள்.

ஜூலை 12

நேற்று எழுதியதற்கு வந்த பதில்களில் ஒன்று: இதெல்லாம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த மலையாள மாந்திரீகம், நம் பழக்கம் இல்லை. பெயர் வேண்டுமானால் அப்படிச் சொல்கிறோம். ஆனால் பெண் ஆசைப்பட்டதை அவள் மேல் ஏறியது என்று சொல்கிற பழக்கம் சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. பெண் மெலிகிறாள், தாய் பதறுகிறாள், முருகன் பூசாரியான வேலனைக் கூப்பிட்டு வெறியாட்டு நடத்துகிறார்கள், முருகு அணங்கியது, அதாவது முருகன் பிடித்துவிட்டான், என்று ஆடு அறுக்கிறார்கள். அவளோ ஒருவனை விரும்புகிறாள், அவ்வளவுதான். ஐங்குறுநூற்றில் கபிலர் வெறிப்பத்து என்று பத்துப் பாட்டே இதற்குப் பாடியிருக்கிறார். நற்றிணை 34இல் தோழி முருகனையே பார்த்துப் பேசுகிறாள். இது உன்னால் வந்த நோய் இல்லை என்று தெரிந்தும் வேலன் கூப்பிட்டான் என்று வந்து நிற்கிறாயே, நீ கடவுளாகவே இருந்துகொள், ஆனாலும் நீ அறியாதவன்தான் என்கிறாள்.

மருந்து எடுக்கிறவர் வாசலில் 1995இல் அப்படிச் சொல்ல எங்கள் அக்காவுக்கு ஒரு தோழி இல்லை. நான் இருந்தேன், எனக்கு 11 வயது, சேவலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஜூலை 24

இணையத்தில் மூன்று நாளில் வசியம் என்று விளம்பரம் பார்த்து 7,500 ரூபாய் அனுப்பிவிட்டேன், இப்போது பூசை பாதியில் நிற்கிறது இன்னும் 15,000 கொடு என்கிறார்கள் என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, ஒரு ரூபாய்கூட இனி அனுப்பாதீர்கள். போட்டோ, அந்தப் பெண்ணின் போட்டோ முக்கியமாக, எதையும் அனுப்பாதீர்கள், அதை வைத்தே மிரட்டுவார்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே போன் செய்து பணம் அனுப்பிய விவரத்தைச் சொல்லுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது. மந்திர மருந்து விளம்பரங்களைத் தடுக்க 1954இலிருந்து ஒரு மத்தியச் சட்டம் இருக்கிறது, தாயத்து, மந்திரம், கவசம் எல்லாம் அதில் பெயர் சொல்லியே வருகின்றன, ஆனால் அது நோயைத் தீர்ப்பேன் என்கிற மாதிரி விளம்பரத்துக்குத்தான். உங்களுடையது மோசடி, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 318ஆம் பிரிவு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் என்றவளை வேண்டும் என்று சொல்ல வைக்கத்தான் 7,500 அனுப்பியிருக்கிறீர்கள். உங்களுக்கு மனசு எவ்வளவு வலிக்கிறது என்று புரிகிறது, அதற்காக உங்களைத் திட்டவில்லை. ஆனால் அந்தத் தாயத்து உண்மையிலேயே வேலை செய்து, அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால், உங்களோடு உட்கார்ந்திருப்பது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகஸ்ட் 3, ஆடிப் பதினெட்டு

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து எழுதியிருக்கிறார். பெரியப்பா, அப்பா, அத்தைமார் எல்லாரும் இருக்கும்போது தாயத்தைப் பிரித்துவிட்டார்கள். அரக்கைச் சூடுகாட்டி எடுத்தார்களாம். உள்ளே ஒரு செப்புத் தகடு, பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. புளி போட்டுத் தேய்த்தார்கள். கட்டமும் இல்லை, எழுத்தும் இல்லை. இரண்டு பக்கமும் வழவழவென்று இருந்ததாம். கொடுத்தவர் ஏமாற்றிவிட்டாரா, எழுத மறந்தாரா, எதுவானாலும் அந்த ஊர் நாற்பது வருடமாக எழுதாத தகட்டுக்குப் பயந்திருக்கிறது.

பெட்டியில் பத்திரம் எதுவும் இல்லை என்றும், அப்பாரு யாருக்கும் வட்டிக்குக் கொடுத்தவர் இல்லை, ஊர்ப் பஞ்சாயத்தில் நியாயம் பேசுகிறவர் என்றும் எழுதியிருக்கிறார். அவர் சொன்னதை ஊர் கேட்டதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ஜூன் 10இல் என் அப்புச்சியை வைத்து அவருடைய அப்பாருவையும் எடை போட்டுவிட்டேன், அதற்கு வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.

தகட்டைப் பார்த்த பிறகும் சண்டை முடியவில்லையாம். சக்தி இல்லாவிட்டால் என்ன, அப்பன் இடுப்பில் கிடந்தது எனக்கு வேண்டும் என்று இருவரும் நின்றிருக்கிறார்கள். கடைசியில் குலதெய்வக் கோயிலில் பூக் கேட்டார்கள். பெரியப்பாவுக்கு வெள்ளை, அப்பாவுக்குச் சிவப்பு என்று முதலிலேயே பேசிக்கொண்டு, எது வந்தாலும் ஒத்துக்கொள்வதாகக் கற்பூரத்தில் அடித்துச் சொல்லிவிட்டு, விவரம் தெரியாத ஒரு குழந்தையை எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தது. அப்பா சரி என்றுவிட்டார். இது எனக்குப் பிடித்திருக்கிறது. பக்கத்திலேயே சிவன்மலை முருகன் கோயிலிலும் பக்தர் கனவில் வந்த பொருளை உத்தரவுப் பெட்டியில் வைப்பதற்கு முன் பூக் கேட்டுத்தான் வைக்கிறார்கள். சாமியே ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யச் சொல்கிறது.

என்னிடம் இருக்கும் அப்புச்சி தகட்டை இன்று கூடுதுறையில் விடலாம் என்று பவானிக்குக் கொண்டு போனேன். ஆற்றில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். விடவில்லை. அந்த நான்கு நோட்டோடு சேர்த்து வைத்திருக்கிறேன், நோட்டு இருக்கும்வரை அதுவும் இருக்கட்டும்.

ஆகஸ்ட் 16

அக்கா இதைப் படித்துவிட்டாள். மருமகன் காட்டியிருக்கிறான். நேற்று ராத்திரி போன் வந்ததும் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"என்னடா கண்ணு, எல்லாத்தையும் எழுதிப்போட்டே. ஒண்ணு மட்டும் தப்பு."

எது என்று கேட்டேன்.

"அவன் எனக்கு பன்னு வாங்கிக் குடுக்கல. நாந்தான் வாங்கினேன். டைப்ரைட்டிங் பீசுல மிச்சம் புடிச்ச காசு. பாதியப் பிச்சு அவனுக்குக் குடுத்தேன்."

மருந்து எடுக்கிறவரிடம் அம்மா சொன்னதைக் கேட்டு 30 வருடம் அப்படியே வைத்திருந்து ஜூலை 11இலும் எழுதிவிட்டேன். மேலே அதை மாற்றவில்லை, அம்மா சொன்னது அப்படியே கிடக்கட்டும். பன் வாங்கியது அக்கா.